தாளத்துக்கு முந்திய செல்லோக்காரர்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான லட்போர்னில் இரும்புக்கடை வைத்திருந்த அம்ப்ரோஸ் பின்னக்குக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பிரசவம் பார்க்க வந்த அம்மாள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் பிறந்துவிட்டார் என்று அவருடைய தாயாரே சொல்லுவாள். அன்றைக்குப் பிடித்த அவசரம். நாற்பத்துநாலு வயதிலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நடந்தார்.

அவர் கடைக்குப் போய் ஒரு சாமானை நிதானமாக வாங்கியவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கதவைத் திறந்து வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மனுஷர் ஏதோ ஒன்றைப் பொட்டலம் கட்டி நீட்டிவிடுவார். ஒரு தடவை டாக்டர் வீட்டுக்கு வழி கேட்க வந்த வெளியூர் அம்மாள் கையில் எலிப்பொறியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவள் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் யார் அப்படிச் சொல்லுகிறார்கள்? மறுத்துச் சொல்லுவதைவிட எலிப்பொறியோடு வீட்டுக்குப் போவது சுலபம் என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

தேவாலயத்தில் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்கு முன்பே பின்னக்கின் ஆமென் கணீரென்று கேட்கும். பாதிரியார் பாவம், ஜெபத்தைச் சுருக்கிப் பார்த்தார். பின்னக் அதற்கும் முன்னால் ஆமென் சொன்னார். அதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் வியாழக்கிழமை சாயங்காலங்களில் தானிய மண்டபத்தில் கூடுகிற எங்கள் ஊர்த் தந்திவாத்தியக் குழுவில் செல்லோ என்கிற பெரிய பிடில் வாசித்தார். கை நல்ல பலமான கை. சுரமும் சுத்தம். ஆனால் ஒவ்வொரு சுரமும் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்து விழும். மற்றவர்கள் படியில் கால் வைக்கும்போது இவர் மேலே போய் நின்றுகொண்டிருப்பார். கோல் பிடித்துக் குழுவை நடத்திய கத்பர்ட் டாலிமோர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், பரம சாது. "மிஸ்டர் பின்னக்கோட வாசிப்புல ஒரு உற்சாகம் இருக்கு" என்பார். முதல் வயலின் மிஸஸ் வெல்லகாட், பாங்கு மேனேஜர் சம்சாரம், ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். பின்னக் அதை அவளுடைய முகவாகு என்றே எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் பின்னக் வியாழக்கிழமைகளில் போனது செல்லோவுக்காக மட்டும் இல்லை. அவர் நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வயோலா என்கிற சற்றுப் பெரிய வயலின் வாசித்த மிஸ் கெட்டூரா யெல்லண்டுக்காகவும்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். தாளத்தில் கெட்டி. வீடு இடிந்து விழுந்தாலும் அவள் வில் ஒரு இம்மி முந்தாது, பிந்தாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் குழுவில் சேர்ந்த இரண்டாவது வியாழக்கிழமை. எல்லாரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னக் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"மிஸ் யெல்லண்ட், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

அவள் ஒரு கையில் வில், ஒரு கையில் முறுக்காணி, வாய் பாதி திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து டாலிமோர் கோலால் மேஜையைத் தட்டினார். ஒத்திகை தொடங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் பின்னக் வெட்கத்தில் வெந்துபோனார். பேர்கூடச் சரியாகப் பழகாத பெண்ணிடம் இப்படியா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கேட்பது? முடிந்ததோ இல்லையோ, அவள் வயோலாவைப் பெட்டியில் வைப்பதற்குள் போய் நின்றார்.

"நான் கேட்டதை மறந்துடுங்க மிஸ் யெல்லண்ட். பெரிய தப்பு. தயவுசெஞ்சு மன்னிச்சுக்குங்க."

"உங்க இஷ்டம் மிஸ்டர் பின்னக்," என்றாள் அவள். "மறந்தாச்சு."

அப்போது அவள் முகத்தை ஒரு கணம் பார்த்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பதிலும் அவசரம்! சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒத்திகை முடிந்ததும் அவள் வயோலாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வீட்டு வாசல்வரை கூடப் போவார். மழையைப் பற்றிப் பேசுவார். மழை இல்லாவிட்டால் வரப்போகிற மழையைப் பற்றி. உலகத்தில் எல்லாவற்றுக்கும் முந்துகிறவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், இனி ஒருநாளும் அவசரப்படுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். மறந்தாச்சு என்று சொன்னவளிடம் மறுபடி கேட்பது மரியாதையா? பேசவேண்டியதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, "நாளைக்கும் தூறும்போல இருக்கு" என்பார். "இருக்கலாம்" என்பாள் அவள். இந்த அழகில் எட்டு வருஷம் ஓடியது. இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும், எங்களுக்குத்தான் அந்தத் தைரியம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ஈஸ்டருக்கு மிஸ் யெல்லண்டின் அண்ணன் வந்தார். டெர்பியில் பாதிரியார். மனைவி தவறிப்போய் ஐந்து குழந்தைகள். தேவாலய வாசலில் நின்று பத்துப் பேர் முன்னிலையில், "செப்டம்பர்ல கெட்டூரா எங்கூட வந்துடுவா, இனிமே வீட்டை அவதான் பாத்துப்பா" என்று அறிவித்தார். அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. அவளும் இந்த எட்டு வருஷத்தில் எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டவள்தானே, பத்துப் பேர் முன்னால் மறுப்பாளா? "சரி அண்ணா" என்றாள்.

பின்னக் அந்த வாரம் முழுக்கக் கடையில் வாடிக்கையாளர்களை முழுசாகப் பேசவிட்டார். ஊரே கவலைப்பட்டது. செப்டம்பருக்குள் மறுபடி கேட்டே தீர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்க இடம் ஒன்றுதான், அந்த வியாழக்கிழமை நடை. போன தடவை மாதிரி மூஞ்சியில் அடித்தாற்போலக் கேட்கக்கூடாது, நாலு வாரம் பக்குவமாகப் பேச்சை நகர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று திட்டம் போட்டார்.

அவர் அங்கே திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மிஸஸ் வெல்லகாட் இங்கே ஒரு திட்டம் போட்டாள். செப்டம்பரில் தேவாலயத்தில் பெரிய கச்சேரி. மேற்றிராணியார், அதாவது பிஷப், வருகிறார். அவள் டாலிமோரை ஒரு மூலையில் மடக்கினாள்.

"மிஸ்டர் டாலிமோர், ஒண்ணு அந்த செல்லோ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஐயோ, அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"வாயாலதான்."

டாலிமோர் மூன்று தடவை சொல்லப் போனார். மூன்று தடவையும் கடைக்குள் நுழைந்து, தொண்டையைச் செருமி, கையில் ஒரு வாளியோடு திரும்பினார். மூன்றாவது வாளியை வீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தார். மனுஷரை விலக்க முடியாது. ஆனால் தள்ளி வைக்கலாமே?

அந்த யோசனையிலிருந்துதான் அந்த இசை பிறந்தது. ஆர்கன் வருவதற்கு முந்தின காலத்தில் எங்கள் தேவாலயத்தின் மேல்மாடத்தில் பிடிலும் பெரிய பாஸ் பிடிலும் வைத்துக்கொண்டு உழவர்களும் தச்சர்களும் சங்கீதம் வாசித்தார்கள். அவர்கள் வாசித்த ஒரு பழைய மெட்டை டாலிமோர் எடுத்துக்கொண்டார். பெரிய குழு இங்கே, பீடத்துக்குப் பக்கத்தில். நாலே பேர் கொண்ட சின்னக் குழு அங்கே, எட்டாத தூரத்தில். இவர்கள் மெட்டைக் கனமாகச் சொல்ல, அவர்கள் ஏதோ பழைய காலத்திலிருந்து பதில் சொல்லுவதுபோல் மெல்லியதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத ஆரம்பித்தது ஒரு செல்லோவைத் துரத்த. ஆனால் எழுத எழுத டாலிமோருக்கே கண் கலங்கிவிட்டது. இசையும் சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"தூரத்துலேருந்து ஒரு குரல் வரணும் மிஸ்டர் பின்னக்," என்று விளக்கினார். "அதுக்குப் பலமான கை வேணும். உங்களை விட்டா யாரு?"

பின்னக்குக்கு உச்சி குளிர்ந்தது. மண்டபத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்த பிறகுதான், மிஸ் யெல்லண்டின் தொப்பி இங்கிருந்து ஒரு புள்ளியாகத் தெரிகிறது என்பது உறைத்தது.

அவரோடு தூரத்துக் குழுவில் போடப்பட்டவர்கள் டக்கெட் சகோதரிகள் இருவரும் இளம் உதவிப் பாதிரியாரும். சகோதரிகள் வயலின் வாசிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் கிடையாது. உதவிப் பாதிரியார் வயோலா. மண்டபத்துக் கோடி போதவில்லை என்று அடுத்த வாரம் தானிய மூட்டைகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அனுப்பினார்கள். "இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் மிஸஸ் வெல்லகாட். அதற்கடுத்த வாரம் முற்றம். மழை. பெரிய டக்கெட் குடை பிடிக்க, பின்னக் நனைந்த செல்லோவை அணைத்துக்கொண்டு வாசித்தார்.

முற்றத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே ஒத்திகை முடிந்ததே தெரியாது. அவர்கள் பாட்டுக்குப் பழைய காலத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் காவல்காரர் வந்து, "எல்லாரும் போய் அரைமணி ஆச்சு சார், யாருக்கு வாசிக்கிறீங்க?" என்று கேட்பார். பின்னக் தலைதெறிக்க ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட வீட்டில் விளக்கு எரியும், கதவு மூடியிருக்கும். நாலு வாரப் பக்குவப் பேச்சுத் திட்டம் மண்ணாய்ப் போயிற்று. எட்டு வருஷம் கையில் இருந்த நடையை விட்டுவிட்டு இப்போது அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கச்சேரிக்கு முந்தின வாரம் முதல் தடவையாகத் தேவாலயத்திலேயே ஒத்திகை. எங்கள் தேவாலயம் ஊருக்குச் சம்பந்தமில்லாத நீளம். தூரத்துக் குழுவை வாசலுக்கு மேலே உள்ள மேல்மாடத்தில் ஏற்றினார்கள். டாலிமோர் கோலைத் தூக்கினார். கீழே மெட்டு முடிந்து, மேலே பதில் வந்தது. டக்கெட் சகோதரிகளின் வயலின், தேவாலயத்தின் புண்ணியத்தில், முதல் தடவையாகக் காதில் விழுந்தது. தாமதமாக விழுந்தது. உதவிப் பாதிரியாரின் வயோலாவும் தாமதம். கோல் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, சத்தமோ அவ்வளவு தூரத்தையும் கடந்துதானே வர வேண்டும்? ஒழுங்காகத் தாளத்தில் வாசித்தவர்கள் எல்லாரும் கீழே இருந்தவர்கள் காதுக்குப் பிந்திப்போனார்கள்.

ஒரே ஒரு செல்லோ மட்டும் கோல் இறங்குகிற இடத்தில் டாண் டாண் என்று வந்து உட்கார்ந்தது.

டாலிமோர் கோலைக் கீழே போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் அதே. மிஸஸ் வெல்லகாட்டின் இரண்டு புருவங்களும் மேலே போயின.

"அற்புதம்!" என்று டாலிமோர் கத்தினார். சாதுவான மனுஷர் தேவாலயத்துக்குள் கத்தியது அதுவே முதல் தடவை. "மிஸ் டக்கெட், நீங்களும்தான், உதவிப் பாதிரியார் நீங்களும்! யாரும் என்னைப் பாக்காதீங்க! மிஸ்டர் பின்னக் என்ன பண்றாரோ அதையே பண்ணுங்க! எது பண்ணாலும் சரி, அவர் பின்னாடியே போங்க!"

பிறந்ததிலிருந்து பின்னக்கை யாரும் அற்புதம் என்று சொன்னதில்லை. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"மிஸ்டர் டாலிமோர், எனக்கு இந்தப் பெருமையெல்லாம் வேணாம். கீழ என் பழைய நாற்காலியைக் குடுத்துடுங்க."

"கீழயா?" டாலிமோர் அலறிவிட்டார். "கடவுளே, கீழ மட்டும் வந்துடாதீங்க! எட்டு வருஷமா நீங்க எங்க உயிரை வாங்கினீங்க மிஸ்டர் பின்னக்! ஒரு சுரம், ஒரே ஒரு சுரம், மத்தவங்களோட சேந்து வாசிச்சிருப்பீங்களா?"

சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னக்குக்கு அடி பலமாகத்தான் பட்டது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" என்றார் டாலிமோர் பரிதாபமாக. "சொல்லத்தான் மூணு தடவை கடைக்கு வந்தேன். மூணு வாளி வாங்கினேன்."

பின்னக் மேல்மாடத்துக்குத் திரும்பிப் போய் செல்லோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனசு ஆறவில்லை. வலித்தது செல்லோவைப் பற்றிச் சொன்னதுகூட இல்லை. ஒரு ஊரே எட்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு "உற்சாகம்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. எல்லாரும் வாய்க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசுகிற ஊர். அப்படியானால், "மறந்தாச்சு" என்றாளே, அவள் வாய்க்குள் என்ன இருந்தது? இந்தக் கேள்வி வந்த பிறகு மனுஷர் ஒரு நிலையில் இல்லை.

கச்சேரி சனிக்கிழமை மத்தியானம். தேவாலயம் நிரம்பி, வாசல்வரை கூட்டம். மிஸ் யெல்லண்டின் டிரங்குப் பெட்டி பக்கவாசலில் வாடகை வண்டியில் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. அண்ணன் முன்வரிசையில் கடிகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசை முடிந்ததும் அந்தப் பக்கவாசல் வழியாகவே தங்கையை ரயிலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பின்னக் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். இசை முடிந்து, ஜனங்கள் எழுந்து, சுழல் படியில் தாமும் இறங்கி, அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போவதற்குள் வண்டி ஸ்டேஷன் சேர்ந்துவிடும்.

டாலிமோர் கோலைத் தூக்கினார். அன்றைக்கு அந்த இசை ஒலித்த மாதிரி பிறகு ஒருநாளும் ஒலிக்கவில்லை. கீழே தந்திகள் மெட்டைச் சொல்லிவிட்டு நிறுத்தும். மேலே பின்னக்கின் வில் இறங்கும், மற்ற மூவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு கூடவே இறங்குவார்கள். ஏதோ கல்லே பாடுவதுபோல் பதில் மிதந்து வரும். மேற்றிராணியார் கண்ணை மூடிக்கொண்டார். மிஸஸ் வெல்லகாட்கூட ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

முடிவு நெருங்கியது. தூரத்துக் குழுவுக்கு இனி ஒரு நீண்ட மௌனம், அதற்கப்புறம் எல்லாம் ஓய்ந்தபின் ஒரே ஒரு கடைசிச் சுரம். அந்தச் சுரத்துக்காகத்தான் டாலிமோர் மூன்று வாரம் தூங்காமல் இருந்தார். பின்னக் அந்த மௌனத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நம்பி ஒரு சுரத்தை விட்டிருக்கிறார்கள். தூரத்தில் அந்தத் தொப்பி தெரிந்தது.

செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"பின்னக் எழுந்துட்டார்," என்று பெரிய டக்கெட் கிசுகிசுத்தாள்.

"அப்ப நாமளும் எழுந்துக்கணும்," என்றாள் சின்ன டக்கெட். "எது பண்ணாலும்னு சொன்னாரே."

கீழே இசை போய்க்கொண்டிருக்க, நட்டநடு நடைபாதையில் பின்னக் வந்தார், கையில் வில்லோடு. பின்னால் பெரிய டக்கெட், அவள் பின்னால் சின்ன டக்கெட், கடைசியில் வயோலாவை மார்போடு அணைத்துக்கொண்டு உதவிப் பாதிரியார். ஜனங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் இசையில் சேர்த்திதான் என்று நினைத்துச் சிலர் எழுந்துகூட நின்றார்கள். டாலிமோர் இசையில் லயித்துக் கண்ணை மூடிவிட்டார், நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு எதிரே வாசித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். இரண்டு வயலின்கள் தடுமாறின. மிஸ் யெல்லண்டின் வில் மட்டும் தடுமாறவில்லை.

பின்னக் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். ஓடாத குறையாக வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தையும் வரவில்லை. முன்வரிசையில் அண்ணன் எழுந்துவிட்டார்.

"சம்மதம், மிஸ்டர் பின்னக்," என்றாள் மிஸ் யெல்லண்ட். கண் தாளைவிட்டு எழவில்லை, கை நிற்கவில்லை.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"அப்பவே கேட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஓடிட்டீங்க. எட்டு வருஷமா அந்த வார்த்தையைத் தொண்டையில வெச்சுக்கிட்டு மழையைப் பத்திப் பேசிட்டிருக்கேன்." குரல் நடுங்கியது, தாளம் நடுங்கவில்லை. "இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டீங்கன்னா இந்த வில்லாலயே அடிப்பேன். பேசாம உக்காருங்க, நான் வாசிச்சு முடிக்கணும்."

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்தார். டக்கெட் சகோதரிகளும் உதவிப் பாதிரியாரும் வரிசையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசி நாதம் ஓய்ந்தது. டாலிமோர் கண்ணைத் திறக்காமலே திரும்பி, ஆளில்லாத மேல்மாடத்தை நோக்கி மெல்லக் கையைத் தூக்கினார். ஒன்றும் வரவில்லை. தேவாலயம் முழுவதும் மூச்சுவிடாமல் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னக்கும் கேட்டார், கன்னத்தில் கண்ணீர் வழிய, அசையாமல், மிஸ் யெல்லண்ட் வில்லைக் கீழே வைக்கிறவரைக்கும்.